சாயுற கன்னும் சாயாத கன்னும்

என் கொழுந்தன் பெண்டாட்டி மங்களேஸ்வரி வயிறெரிஞ்சு ஒரு பார்வை பார்த்தான்னா, நாத்துப் பாக்கெட்டுல நிக்கிற சீமைக்கருவைக் கன்னு அவ பக்கமாச் சாயும், பக்கத்துலயே அதே உயரத்துல அதே இலையோட நிக்கிற வன்னிக் கன்னு சாயாம நிமிர்ந்து நிக்கும், இது எங்க வெள்ளாங்கிடாரத்துல பால்குடி மறந்த புள்ளைக்கும் தெரிஞ்ச சங்கதி, இதுக்கெல்லாம் இங்க யாரும் வாயைப் பிளக்குறதில்ல. வெளியூர்க்காரங்கதான் ஏன், எப்படின்னு கேப்பாங்க. ஏன்னு எங்களுக்கும் தெரியாது, தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? ஆனா கன்னு வளர்த்தவ நானு, தண்ணி ஊத்தினவ நானு, பேரு மட்டும் அவளுக்கு எப்படிப் போச்சுன்னு கேட்டீங்கன்னா அதை நான்தான் சொல்லணும், மத்தவங்க சரியாச் சொல்ல மாட்டாங்க, ஏன்னா பாதி ஊரு அவ பக்கம்.

என் பேரு பூமயில். கண்மாய்க் கரையை ஒட்டி எங்க கிணறு. மாமனார் போய்ச் சேர்ந்த பொறவு பங்கு பிரிச்சப்ப எங்க வீட்டுக்காரரு மூத்தவருங்கிறதால நல்ல தண்ணிக் கிணறு எங்களுக்கு வந்துச்சு, சின்னவரு முனியராசுக்கு உப்புக் கிணறு போச்சு. நானா பூமிக்குள்ள போய் உப்பைக் கரைச்சு விட்டேன்? ஆனா எங்க சீமையில நல்ல தண்ணி வச்சிருக்கவதான் பொம்பளை, உப்புத் தண்ணிக்காரி காலம் பூராக் குடம் தூக்கணும். மங்களேஸ்வரி தெனமும் விடிஞ்சதும் இடுப்புல ஒண்ணு தலையில ஒண்ணுன்னு குடத்தோட என் கிணத்துக்குத்தான் வருவா, வந்து "அக்கா, எடுத்துக்கிறவா?"ன்னு கேப்பா, கேட்டுட்டுத்தான் வாளியை இறக்குவா. கேக்காம எடுத்தா நான் என்ன கடிச்சா தின்னுருவேன்? இருந்தாலும் கேப்பா. வாளி உள்ள போய்ட்டு வர்ற நேரத்துக்குள்ள என் கொல்லையை ஒரு சுத்துப் பார்ப்பா, என் முருங்கை பூத்திருக்கிறதை, என் ஆடு ரெட்டைக் குட்டி போட்டிருக்கிறதை, கொடியில காயுற என் சேலையோட கரையை, எதையும் விட மாட்டா. வாயால ஒரு சொல்லு தப்பாச் சொன்னதில்ல, அதையும் சொல்லிரணும். கண்ணுதான் பேசும். அவ பார்த்துட்டுப் போன அன்னைக்கு என் வீட்டுப் பாலு திரிஞ்சு போகும்.

இப்ப கோயில் கதைக்கு வாறேன். எங்க கரைமேல் அய்யனாருக்கு விசயதசமி அன்னைக்கு வேட்டைத் திருநாள். அவரு மரக்குதிரையில ஏறிக் கோயிலை விட்டு வெளிய வருவாரு, பூசாரி வெள்ளையன் அவருக்குப் பதிலா வில்லை வளைச்சு அங்க நிக்கிற வன்னி மரத்துல அம்பு போடுவாரு, அம்பு குத்தி நின்னதும் பொம்பளைங்க நாங்க குலவை போடுவோம், அன்னையிலருந்து மழைக்குக் காத்திருப்போம். அந்த வன்னி ஒரு புயல்ல வேரோட சாஞ்சிருச்சு. பதறிப்போய் வெள்ளையன் கண்மாய்க்குள்ள தேடி ஒரு சின்னக் கன்னைப் பிடுங்கியாந்து நட்டாரு, பார்த்தா அச்சு வன்னிதான், அதே பொடி இலை, அதே மெலிசுத் தண்டு. மஞ்சத் துணி சுத்தினோம், பொட்டு வச்சோம், புதுசாக் கல்யாணம் ஆனதுங்க வந்து சுத்துச்சுங்க, வேண்டுதலுக்கு வளையல் கட்டினோம், ஆத்தி, அது வளர்ந்துச்சு பாருங்க வளர்த்தி, வருசாவருசம் அய்யனாரு அதுல அம்பு போட்டாரு, நாங்களும் தொண்டை வறளக் குலவை போட்டோம், கடைசியில ஒரு கோடையில அது மஞ்ச மஞ்சளா நெத்துக் காச்சு வளைஞ்சு தொங்குச்சு, ஊரு ஆடெல்லாம் ஓடியாந்து அடியில நின்னு மேயுது, அப்பத்தான் எங்களுக்குத் தெரிஞ்சது நாங்க வருசக்கணக்காக் கும்பிட்டது சீமைக்கருவையைன்னு.

சீமைக்கருவை வேணாம்னு நான் சொல்லலை. எங்க அடுப்பு எரியறது அதாலதான், மூட்டம் போட்டுக் கரி வித்துப் பாதி ஊரு கஞ்சி குடிக்கிறதும் அதாலதான். அதுக்காக அய்யனாரு வாசல்லயா? கோயில் கிணத்துத் தண்ணி பூரா அதோட வேரு உறிஞ்சிருச்சு. வெட்டினோம், துளுத்துச்சு. திரும்ப வெட்டினோம், திரும்பத் துளுத்துச்சு. அடிக்கட்டையைத் தோண்டித் தீ வச்சுத்தான் அது அடங்குச்சு. அந்த வருசம் குதிரையில வந்த சாமிக்கு அம்பு போட மரமில்லாம வாழைத்தண்டை நட்டு அதுல போட்டோம், அம்பு வழுக்கிக்கிட்டு விழுந்துச்சு. பக்கத்து ஊருக்காரன் பொண்ணு கேட்டு வந்தாக்கூட "கருவையைக் கும்பிட்ட ஊருதானே"ன்னு சிரிச்சான்.

அப்பத்தான் ஊர்த் தலைவரு சேதுமாணிக்கம் என் வாசல்ல வந்து நின்னாரு. "ஏத்தா பூமயிலு, உன் கைராசிக்கு உலக்கையை நட்டாலும் துளுக்கும், நீயே வன்னி வளர்த்துக் குடுத்துரு"ன்னாரு. எனக்குப் பெருமைன்னா பெருமை, தரையில கால் பாவலை. தூரத்து ஊரு சிவன் கோயில் வன்னியிலருந்து நெத்து எடுத்தாந்து தந்தாங்க. மண்ணைச் சலிச்சேன், மணலைக் கலந்தேன், எங்க கிடையில ஆட்டுப்புழுக்கை அள்ளி உரமாப் போட்டேன், பாக்கெட்டு பாக்கெட்டா நிரப்பி வரிசையா அடுக்கி, நல்ல தண்ணியாத் தெளிச்சேன். பொலபொலன்னு முளைச்சுச்சு.

புழுக்கையிலதான் வினை இருந்துச்சு. கருவை நெத்தைத் திங்கிற ஆட்டு வயித்துல விதை சாகாது, புழுக்கையோட வந்து முன்னைக்கு இன்னும் வெரசா முளைக்கும். பொறந்ததுலருந்து ஆட்டோட கிடக்கிற எங்களுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனா எங்க ஊர்ல எதை நட்டாலும் புழுக்கை போடாம நட மாட்டோம், கை தன்னால அள்ளிப் போட்டிருச்சு. எந்தப் பாக்கெட்டுல நான் போட்ட வன்னி முளைச்சிருக்கு, எதுல ஆடு போட்ட கருவை முளைச்சிருக்குன்னு எனக்கே தெரியலை. வனத்துறைக்காரரு ஒருத்தரு வந்து குனிஞ்சு பார்த்துட்டு, "முள்ளு வரட்டும்மா, இலை பிரியற கணுவுல சோடி சோடியா வந்தா சீமைக்கருவை, கணுவுக்கும் கணுவுக்கும் நடுவுல தண்டு பூராச் செதறி வந்தா வன்னி"ன்னாரு. சரியாத்தான் சொன்னாரு. ஆனா முள்ளு நல்லாத் தெரியறதுக்குள்ள கருவை வேரு பாக்கெட்டைக் கிழிச்சுக்கிட்டு என் கிணத்தைத் தேடிப் போயிருமே. என் கைராசி சந்தி சிரிக்கப் போகுதுன்னு எனக்குச் சோறு எறங்கலை.

அப்படி நான் கன்னத்துல கை வச்சு உக்காந்திருந்த ஒரு காலையிலதான் மங்களேஸ்வரி குடத்தோட வந்தா. "அக்கா, எடுத்துக்கிறவா?"ன்னா. வாளியை இறக்கிட்டுத் திரும்பினா. பச்சைப் பசேல்னு அம்புட்டுக் கன்னும் வெயில்ல நிக்கிறதைப் பார்த்தா. நல்ல தண்ணிக் கன்னுங்க. அவ கண்ணு கலங்கிப்போச்சு, உதட்டைக் கடிச்சா, ஒரு பெருமூச்சு விட்டா, வரிசையில இருந்த கன்னுல பாதி, ஒருத்தர் கூப்பிட்டுத் திரும்பற மாதிரி, அவ பக்கமாத் தலையைச் சாச்சுச்சு. காத்து இல்ல. மீதிப் பாதி நிமிர்ந்து நின்னு இலையை மூடிக்கிச்சு. தலைவரும் வெள்ளையனும் தண்ணி குடிக்க வந்தவங்க பார்த்துக்கிட்டு நின்னாங்க. வெள்ளையன் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டுச் சாஞ்சதை ஒரு பக்கமும் சாயாததை ஒரு பக்கமுமா எடுத்து வச்சாரு.

சாஞ்சதுல கொஞ்சத்தைப் பிடுங்கிப் போடாம, மெய்யான்னு பார்க்கத் தலைவரு வீட்டுச் சிமெண்டுத் தரையில வச்சு வளர்த்தாங்க. முள்ளு வந்துச்சு, கணுவுல சோடி சோடியா. சாயாததுலயும் முள்ளு வந்துச்சு, தண்டு பூராச் செதறி. ஒண்ணுகூடத் தப்பலை. அதோட ஊரு அதை ஏத்துக்கிச்சு. சிலரு சாமி காரியம்னாங்க, சிலரு கருவைக்குப் பொறாமை புடிச்சவங்களைத் தெரியும், இனம் இனத்தோட சேருதுன்னாங்க, டீக்கடையில அதைப் பத்தி ஒரு நாள் பேச்சு ஓடுச்சு, மறுநாள் கிரிக்கெட்டு இருந்துச்சு, அதைப் பேசினாங்க.

ஆனா மங்களேஸ்வரியை விடலை. அவ உக்கார நாற்காலி போட்டாங்க, வெயிலுக்குக் குடை பிடிச்சாங்க, அக்கம்பக்கத்து ஊருலருந்து டிராக்டர்லயும் குட்டியானை வண்டியிலயும் கன்னை ஏத்திக்கிட்டு வந்து அவ வாசல்ல இறக்கினாங்க. "மங்களம்மா, ஒரு பார்வை பாருங்கம்மா"ன்னு கையெடுத்தாங்க. ஒருத்தன் மாப்பிள்ளையையே கூட்டியாந்து நிறுத்தி, இவன் நல்லவனான்னு பார்த்துச் சொல்லச் சொன்னான், அந்தப் பய கழுத்தைச் சொறிஞ்சதைத் தவிர எந்தப் பக்கமும் சாயலை. ஊரே சிரிச்சுச்சு, அவளும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா, அவ சிரிச்சு நான் அப்பத்தான் பாக்குறேன்.

பார்வைக்கு எண்ணெய் ஊத்தணும்ல? அவ வயிறு எரியணும்னா எதைப் பார்த்து எரியும்? என்னைப் பார்த்துத்தான். அதனால ஊரு கூடிப் பேசி எனக்குச் செய்ய ஆரம்பிச்சுச்சு. தையல்கார நாகவள்ளி எனக்குப் பட்டு ரவிக்கை தச்சுக் குடுத்தா, தலைவரு வீட்டு அம்மா காசுமாலையைக் கழட்டி "இந்தா, வெள்ளிக்கிழமைக்குப் போட்டுட்டுத் தா"ன்னு குடுத்தாங்க, என் வீட்டுச் சுவருக்கு இளைஞருங்க வந்து ரோஸ் பெயிண்டு அடிச்சாங்க. கன்னு வந்து இறங்குற வெள்ளிக்கிழமை நான் சிங்காரிச்சுக்கிட்டு மங்களேஸ்வரி வாசல் வழியா மெல்ல நடக்கணும். முதல்ல எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு, பட்டு யாருக்குக் கசக்கும்? அப்புறம் கவனிச்சேன், என்னைப் பார்க்க ஒருத்தருமில்ல. நான் நடக்கிறேன், அம்புட்டுக் கண்ணும் அவ முகத்துல இருக்கு, எரியுதா, எரியுதான்னு பாக்குது. கிடாய்க்கு ஆசை காட்டத் தழை கட்டுவாங்களே, அந்தத் தழையா நான் நடந்துக்கிட்டிருந்தேன். தழைக்கு யாரு பொட்டு வைப்பா?

அன்னைக்குப் பிடிச்சது எனக்கு. என்னத்துக்கு ஒளிக்கணும், பொறாமைதான், அடிவயித்துல சுருண்டுக்கிட்டுக் கிடந்துச்சு. என் புழுக்கை, என் மண்ணு, என் தண்ணி, என் கை, கடைசியில கோயில்ல முதல் திருநீறு அவளுக்கு. நான் நல்லதைச் செஞ்சேன், எனக்கு ஒண்ணுமில்ல, அவ நாசமாப் போற கண்ணால பார்த்தா, அவளுக்கு மாலை. எங்க வீட்டுக்காரருகிட்ட ராத்திரிச் சோத்தைப் போட்டுக்கிட்டே பொருமினேன். "உனக்குப் பொறாமையா புள்ள?"ன்னாரு. "எனக்கா? அவ மேலயா? என் கிணத்துத் தண்ணி குடிக்கிறவ மேலயா?"ன்னு கரண்டியை ஓங்கினேன். அதுக்கப்புறம் அவ வாசல் பக்கம் வெள்ளிக்கிழமை நடை தவிர எட்டிப் பார்க்கலை, நடக்கிறப்பவும் கழுத்தைத் திருப்பலை. என் கொல்லையில கருவை எல்லாம் கழிச்சாச்சு, மிச்சம் நிக்கிறதெல்லாம் வன்னி, நான் எம்புட்டு எரிஞ்சாலும் அங்க சாய ஆளில்ல.

பொறவு ஊரு அவளுக்கு ஒரு மரியாதை செய்யணும்னு முடிவு பண்ணுச்சு. என்ன செய்யலாம்னு யோசிச்சாங்க. என் கிணத்துல மோட்டாரு போட்டு, அங்கிருந்து அவ வீட்டு வாசலுக்குக் குழாய் இழுத்து விட்டாங்க. எங்க வீட்டுக்காரருகிட்ட கேட்டாங்களாம், அந்த மனுசன் தலையாட்டிட்டு வந்துட்டாரு. கேட்டா "என் தம்பி வீடுதானே"ங்கிறாரு. மறுநாள்லருந்து மங்களேஸ்வரி குடத்தோட வரலை. விடியக்காலையில என் கிணத்தடி வெறிச்சோடிக் கிடந்துச்சு, "அக்கா, எடுத்துக்கிறவா"ங்கிற குரலு இல்ல. தொலைஞ்சது சனியன்னு நினைச்சேன், ஆனா வாசலைக் கூட்டுறப்ப ரெண்டு தரம் தெருவை எட்டிப் பார்த்தேன்.

நல்ல தண்ணி வாசலுக்கு வந்ததும் அவ என்ன பண்ணினா தெரியுமா? அவளும் கன்னு போட்டா. வன்னிக் கன்னு. அவ கொல்லையில, என் தண்ணியில, எங்க ஊரு வழக்கப்படி கை நிறையப் புழுக்கை அள்ளிப் போட்டு. வளர்ந்துச்சு பாருங்க, ஊரே வேடிக்கை பார்த்துச்சு. என் வன்னி சாண் உயரத்துல ரெண்டு இலை விட்டு யோசிச்சு யோசிச்சு நிக்கும், அவளோடது முழங்காலுக்கு மேல போயிருச்சு. அம்புட்டையும் அவளே நின்னு பார்த்தாளாம், ஒண்ணுகூடச் சாயலையாம், ஒரு கருவைகூட இல்லாம அத்தனையும் வன்னியாம்! நாகவள்ளி எனக்கு ஊக்கு மாட்டிக்கிட்டே சொல்றா, "என்ன இருந்தாலும் மங்களம்மா கை கைதான்". அந்த ஊக்கைப் பிடுங்கி அவ கையிலயே குத்தலாம்னு இருந்துச்சு. வெளியூர்க் கன்னும் இப்பல்லாம் சாயறதில்ல, எல்லாம் நல்ல கன்னாவே வருதுன்னு ஊரு பெருமைப்பட்டுக்கிச்சு. அந்த வெள்ளிக்கிழமை நான் பட்டுடுத்தி நடந்தப்ப மங்களேஸ்வரி வாசல்லருந்து எந்திரிச்சு, "அக்கா, இந்த அரக்குச் சேலை உங்களுக்கு நல்லா எடுப்பா இருக்கு"ன்னா. மனசாரச் சொன்னா. திமிரைப் பாருன்னு நினைச்சுக்கிட்டு நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். அவளுக்கு வயிறு குளிர்ந்து போச்சுன்னு எனக்கும் தெரியலை, ஊருக்கும் தெரியலை, அவளுக்கே தெரியலை.

கோயில்ல கன்னு நடுற நாள் வந்துச்சு. அய்யனாரு வாசலுக்கு என் சாண் கன்னு வேணாமாம், மங்களம்மா கன்னுதான் வேணுமாம். மேளதாளத்தோட, குடை பிடிச்சு, அவ கன்னை மஞ்சத் துணி சுத்தித் தூக்கிட்டு வந்தாங்க. என்னையும் கூப்பிட்டாங்க. எதுக்கு? கடைசியா ஒரு தரம் பார்வை பார்த்துட்டு நடணும்ல, அதுக்குத் தழை வேணும்ல. காசுமாலையும் ஒட்டியாணமுமா அலங்காரம் பண்ணி, குழிக்கு முன்னால மணைப்பலகையில உக்கார வச்சாங்க. அப்படியும் எரியலைன்னா எப்படின்னு, தலைவரு சத்தமா, "நம்ம பூமயிலு மகனுக்கு ராணுவத்துல வேலை கிடைச்சிருக்கு"ன்னு வேற எடுத்து விட்டாரு. மங்களேஸ்வரி என்னைப் பார்த்தா, கன்னைப் பார்த்தா. கன்னு சாயலை. "வன்னிதான்!"னு வெள்ளையன் கை தூக்கினாரு, பொம்பளைங்க குலவை போட்டாங்க, அவ கழுத்துல மாலை விழுந்துச்சு.

குலவைச் சத்தத்துக்கு நடுவுல எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுச்சு. குழிக்கும் எனக்கும் கை நீட்டுற தூரம்தான், என் கண்ணு அந்தக் கன்னு மேலயே இருந்துச்சு. அந்தக் கன்னு மெல்ல, வணக்கம் சொல்ற மாதிரி, என் பக்கமாத் தலையைச் சாச்சுச்சு.

காத்தா இருக்கும்னு காசுமாலையைச் சரி பண்ற மாதிரி இந்தப் பக்கம் நகர்ந்து உக்காந்தேன். கன்னும் இந்தப் பக்கம் திரும்புச்சு. அந்தப் பக்கம் நகர்ந்தேன். அந்தப் பக்கம் வந்துச்சு. வேற ஒருத்தரும் பார்க்கலை, எல்லாரும் அவளையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. எனக்குப் புரிஞ்சு போச்சு. கருவை. அவளுக்கு எரியறது நின்னு போச்சு, அதான் எதுவும் சாயலை. அவ வன்னின்னு அனுப்பினதுல பாதி கருவையாத்தான் இருக்கும், கோயில்ல நடப்போறதும் கருவைதான்.

சொல்லிரவா, விட்டுரவா? விட்டா என்ன ஆகும்னு பார்த்தேன். இது வளரும், நெத்துக் காய்க்கும், கோயில் கிணத்தை உறிஞ்சும், அன்னைக்கு இந்த ஊரு இதே மாலையைப் பிடுங்கிட்டு அவளைக் காறித் துப்பும். நினைக்க நினைக்கத் தேனா இருந்துச்சு. சொன்னா என்ன ஆகும்? எப்படித் தெரியும்னு கேப்பாங்க. என் பக்கம் சாஞ்சுதுன்னு சொல்லணும். யாருக்குச் சாயும்னு ஊருக்கே தெரியும். ஒரு காலத்துல என்கிட்ட கேட்டுக்கிட்டு ஒரு குடம் தண்ணி எடுத்தவ மேல எனக்குப் பொறாமைன்னு ஊரு முன்னால, என் புருசன் முன்னால, அவ முன்னால, காசுமாலையோட நின்னு ஒத்துக்கணும். செத்துரலாம்.

நான் ஏதோ தியாகி மாதிரி எந்திரிச்சேன்னு நினைச்சுராதீங்க. வெள்ளையன் குழியில மண்ணைத் தள்ளப் போனாரு, அப்ப எனக்கு ஒண்ணு தோணுச்சு. அது நெத்துக் காய்க்க வருசக்கணக்காகும், அது வரைக்கும் இவ நட்ட கருவைக்கு இவ பேரைச் சொல்லி ஊரே மஞ்சத் துணி கட்டும், என் அசல் வன்னி என் கொல்லையில கேக்க நாதியில்லாம நிக்கும். அம்புட்டு வருசத்தை என்னால தாங்க முடியாது சாமி. ஒரு நாள்கூட முடியாது.

"நிறுத்துங்க"ன்னு எந்திரிச்சேன். "அது கருவை."

மேளம் நின்னுச்சு. "உனக்கு எப்படித்தா தெரியும்?"னாரு தலைவரு.

குழியைச் சுத்தி நடந்தேன், அந்தக் காசுமாலை சலசலக்க, ஒட்டியாணம் குத்த, மெல்ல ஒரு சுத்து நடந்தேன். கன்னு தலையைச் சாச்சு என் கூடவே சுத்தி வந்துச்சு. எங்க வீட்டுக்காரரு துண்டால முகத்தை மூடிக்கிட்டாரு. "ஆமா, எனக்குப் பொறாமை"ன்னேன். "இவ மேலதான். இப்ப என்ன?"

மங்களேஸ்வரி மாலையைக் கூடக் கழட்டாம எந்திரிச்சு என்கிட்ட வந்தா. அறைவாளோன்னு நினைச்சேன். அவ பேரைக் கெடுத்துட்டேன்ல. அவ முகத்தைப் பார்த்தா வேற மாதிரி இருந்துச்சு, கண்ணுல தண்ணி நிக்குது, வாயி கோணுது.

"என் மேலயா அக்கா?"ன்னா.

"ஆமாடி."

"உங்களுக்கா? என் மேலயா?"

"எத்தனை தரம்டி சொல்லணும்?"

"எதுக்கெல்லாம் அக்கா?"ன்னு கேட்டா, பண்டம் கேக்குற புள்ள மாதிரி. நானும் வந்த கோவத்துல அம்புட்டையும் கொட்டினேன். அந்த நாற்காலிக்கு, அந்தக் குடைக்கு, முதல் திருநீறுக்கு, "மங்களம்மா"ங்கிற பேருக்கு, உன்னைப் பார்த்து எல்லாரும் சிரிக்கிறதுக்கு, நீ வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறது அழகா இருக்கிறதுக்கு, குழாய் வந்ததும் என் கிணத்தடியை நீ எட்டிக்கூடப் பார்க்காததுக்கு. அவ ஒவ்வொண்ணுக்கும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டா, கன்னத்துல தண்ணி வழியுது, துடைக்கலை. கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்த நாள்லருந்து யாரும் அவளைப் பார்த்து ஒரு நாளும் வயிறெரிஞ்சதில்ல, அதுவும் நான், நல்ல தண்ணிக்காரி, என் வாயால கேட்டதும் அவளுக்கு ஜென்மம் கரை சேர்ந்த மாதிரி ஆயிருச்சு.

அப்புறம் அவளே குனிஞ்சா. அவ வளர்த்த கன்னை, மஞ்சத் துணியோட, வேரோட பிடுங்கித் தூர எறிஞ்சா. மாலையோட ஓடினா, என் கொல்லைக்கு, என்கிட்ட கேக்காம, முதல் தடவையாக் கேக்காம உள்ள போய் ஒரு சாண் கன்னை நெஞ்சோட அணைச்சுத் தூக்கிட்டு வந்தா. "பாருங்க அக்கா"ன்னு என் முன்னால நீட்டினா. நான் அவ கழுத்து மாலையைப் பார்த்து நல்லா எரிஞ்சேன், கன்னைப் பார்த்தேன். அது சாயலை. பொடி இலையை மூடிக்கிட்டு நிமிர்ந்து நின்னுச்சு. அதை நட்டோம்.

அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஊரு கணக்கை மாத்திக்கிச்சு. நாற்காலி என் வாசலுக்கு வந்துச்சு, குடை வந்துச்சு, காசுமாலையைக் கழட்டி அவ கழுத்துல போட்டாங்க, நாகவள்ளி அன்னைக்கே அவளுக்கு ரவிக்கை அளவு எடுத்தா. நட்டுவிட்ட இடத்துலருந்தெல்லாம் கன்னைத் திரும்ப எடுத்துக்கிட்டு வந்தாங்க, நான் உக்காந்து பார்த்துப் பார்த்துப் பிரிச்சேன். கொஞ்ச காலத்துல நாற்காலியும் திருநீறுமா எனக்கு வயிறு குளிர ஆரம்பிச்சா, அந்நேரம் அங்கிட்டு அவளுக்குப் புகைய ஆரம்பிச்சிரும், நாற்காலி அங்க போயிரும், பட்டு இங்க வந்துரும். எங்க ரெண்டு பேருல யாராவது ஒருத்தி எரிஞ்சுக்கிட்டுத்தான் இருப்பா, கவலைப்பட வேணாம்னு ஊரு நிம்மதியா இருக்கு. அவ இப்பக் குழாயில தண்ணி பிடிச்சாலும் வாரத்துல ஒரு நாளு குடத்தோட வந்துருவா. "அக்கா, எடுத்துக்கிறவா?"ன்னு கேப்பா. "கேக்காம எடுத்தா கடிச்சா தின்னுருவேன்?"ம்பேன்.

வன்னி மெல்லத்தான் வளர்ந்துச்சு. ஆள் உயரம் தாண்டி, தண்டு பூரா முள்ளு செதறி நின்னப்பத்தான் அய்யனாரு திரும்பவும் அம்பு போட வந்தாரு. வெள்ளையன் வில்லை வளைச்சு விட்டாரு, அம்பு குத்தி நின்னுச்சு. மரத்தடிக்கு முதல் குடம் மஞ்சத் தண்ணி ஊத்துற மரியாதை மங்களேஸ்வரிக்குத்தான்னு தலைவரு சொல்லிட்டாரு. என் கிணத்துத் தண்ணி. அவ பட்டுடுத்தி, குடத்தை இடுப்புல வச்சு, என் முன்னால வந்து மெல்ல நின்னா. போற வழியில்ல அது, வேணும்னே சுத்திக்கிட்டு வந்தா.

"அக்கா"ன்னா காதுக்குள்ள. "இன்னும் இருக்கா?"

அவ குரல்ல ஒரு பயம் இருந்துச்சு, தீர்ந்திருக்குமோன்னு.

"இருக்குடி"ன்னேன். "கழுத்து வரைக்கும் இருக்கு. போ, போய் ஊத்து."

முகமெல்லாம் பூவாப் போனா. அவ குடத்தைச் சாய்க்கிறதை நான் கண்ணு எடுக்காமப் பார்த்தேன், வயிறு எரிய எரியப் பார்த்தேன், அவளுக்குப் பின்னால நின்ன வன்னியையும் பார்த்தேன். ஒரு கிளைகூட என் பக்கம் சாயலை.